எடையைக் குறைத்த மேதை காலின் சாப்மன்

பருவத் தேர்வு முடிந்த ஒரு பிற்பகலில் நம் கல்லூரி நூலகத்தில் பழைய ஆங்கில இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு படம் என் கருத்தைக் கவர்ந்தது. கூரையில்லாத சிறிய பந்தயக் கார் ஒன்று புல்தரையில் நின்றது. அதன் மூக்குப் பகுதி தனியே கழற்றப்பட்டிருந்தது. ஒருவர் அதை முறத்தைத் தூக்குவதுபோல் தூக்கிப் பிடித்திருக்க, மற்றொருவர் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தார். காரின் முகம் இத்தனை எளிதாகக் கழன்று வருமானால், வேகமாக ஓடும்போது அது எப்படி நிற்கும்? இயற்பியல் மாணவனாகிய எனக்கு இந்த ஐயம் எழுந்தது. விடை தேடிப் போன இடத்தில் ஒரு மனிதரின் வாழ்க்கையே எனக்குக் கிடைத்தது. அவர்தாம் லோட்டஸ் கார்களை உருவாக்கிய காலின் சாப்மன்.

இங்கிலாந்தில் இலண்டனை அடுத்த ரிச்மண்டில் 1928-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஹார்ன்சியில் ஓர் உணவு விடுதி நடத்தி வந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சாப்மன் படித்தது கட்டடங்களையும் பாலங்களையும் தாங்கி நிறுத்தும் கட்டமைப்புப் பொறியியல். படிக்கும்போதே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். குறைந்த பொருளைக் கொண்டு மிகுந்த வலுவைப் பெறுவது எப்படி என்னும் கேள்விக்கு இவ்விரண்டு கல்வியும் அவரைப் பழக்கின. 1948-இல் பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றைப் பிரித்து, தம் முதல் காரை அவரே கட்டினார். பின்னாளில் தம் மனைவியான ஹேசல் கடனாகத் தந்த 25 பவுனை முதலாக வைத்து, 1952-இல் தந்தையாரின் விடுதிக்குப் பின்னாலிருந்த பழைய குதிரைலாயத்தில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்நாளில் வேகம் வேண்டுவோர் பெரிய எஞ்சினைத் தேடிப் போனார்கள். சாப்மன் எடையைக் குறைக்கப் போனார். எஞ்சினின் ஆற்றலைக் கூட்டினால் நேர்ச்சாலையில்தான் பயன். எடையைக் குறைத்தாலோ புறப்படுவதிலும், திரும்புவதிலும், நிற்பதிலும் பயன் என்பது அவர் கொள்கை. 1957-இல் வந்த லோட்டஸ் செவன் ஏறத்தாழ 500 கிலோ எடையே இருந்தது. நமக்குப் பழக்கமான அம்பாசிடர் காரின் எடையில் அது பாதியும் இல்லை. மெல்லிய எஃகுக் குழாய்களாலான கூட்டின்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தியிருந்தார்கள். 1960-இல் வந்த அடுத்த வகையில் மூக்கும் மட்கார்டுகளும் கண்ணாடி இழையால் ஆயின. உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் விற்பனை வரி இல்லை என்பதால், ஆசிரியரும் எழுத்தரும்கூடத் தம் கொட்டகையில் அதைக் கட்டி ஓட்ட முடிந்தது.

இனி என் ஐயத்துக்கு வருகிறேன். கார் ஓடும்போது மூக்கின் வாய் வழியே காற்று உள்ளே பாய்ந்து அதை மேலே தூக்கப் பார்க்கும். எஞ்சினும் சாலையும் இடைவிடாமல் அதிர்ச்சி தரும். கண்ணாடி இழைத் தகடு இலேசானதே. ஆயினும் திருகு சிறிது ஆடினால் துளை நீண்டுவிடும். துளை நீண்டால் ஆட்டம் கூடும். ஆட்டம் கூடினால் விரிசல் ஓடும். ஆடுகிறதே என்று திருகை மேலும் முறுக்கினால் தகடே நொறுங்கும். ஆகவே அகன்ற வாஷர் வைத்து அழுத்தத்தைப் பரப்ப வேண்டும். தகட்டின் பின்புறம் அலுமினியத் துண்டு ஒன்றை ஒட்டித் துளைக்கு வலுவூட்ட வேண்டும். உராயும் இடத்தில் இரப்பர் வைக்க வேண்டும். அடிக்கடி கழற்றும் பாகத்துக்குக் கால் சுற்றில் பூட்டிக்கொள்ளும் விமானத் திருகு ஏற்றது. அதன் பிடியிலுள்ள வில்கம்பி இழுத்துப் பிடித்திருப்பதால் அதிர்ச்சியில் அது தளர்வதில்லை. இத்தனையும் சேர்ந்தாலும் எடை சில நூறு கிராம்தான். ஆனால் அந்தச் சில நூறு கிராமை மட்டும் குறைக்க முடியாது.

இந்த உண்மைக்குச் சாப்மன் தந்த விலை பெரிது. அவர் புகழ் உச்சிக்கு ஏறிய காலம் அது. 1962-இல் குழாய்க் கூட்டையே நீக்கி, உடலே எலும்பாகும்படி அவர் அமைத்த லோட்டஸ் 25, அடுத்த ஆண்டு ஜிம் கிளார்க்கை உலக வாகையர் ஆக்கியது. 1965-இல் இண்டியானாபோலிஸ் பந்தயத்திலும் கிளார்க் வென்றார். பின்னர்க் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்க உயரமான இறக்கைகளை மெல்லிய கம்பங்களின்மேல் நிறுத்தினார்கள். 1969 மே மாதம் பார்சிலோனாவில் மான்ட்சுயிக் பூங்காவில் நடந்த பந்தயத்தில் கிரகாம் ஹில்லின் காரில் பின்னிறக்கை முறிந்தது. கார் வேலியில் மோதியது. சில சுற்றுகள் கழித்து அதே இடத்தில் ஜோக்கன் ரிண்ட்டின் காரிலும் இறக்கை முறிந்தது. முதலிடத்தில் வந்துகொண்டிருந்த அவர், ஹில்லின் உடைந்த காரின்மேலேயே மோதிக் காயமுற்றார். ரிண்ட் சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கார் போதிய வேகம் உடையதே, சிறிது எடையைச் சேர்த்து வலுவற்ற பாகங்களை வலுவாக்கித் தாருங்கள் என்பதுதான் அதன் சாரம்.

மறு ஆண்டு, 1970 செப்டம்பர் 5-ஆம் நாள், இத்தாலியில் மோன்சா களத்தில் ரிண்ட்டின் காரில் முன்சக்கரத் தடைத்தண்டு முறிந்தது. கார் பாதுகாப்பு வேலியில் மோத, அவர் உயிர் நீத்தார். வேலி சரியாக அமைக்கப்படாததே சாவுக்குக் காரணம் என்று விசாரணை கூறியது; ஆயினும் தண்டு முறிந்தது முறிந்ததுதான். அவ்வாண்டின் உலக வாகைப் பட்டம் மறைந்த அவருக்கே வழங்கப்பட்டது. அந்தக் கடிதம் சாப்மனின் நெஞ்சில் எவ்வளவு காலம் கனத்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்க்கிறேன்.

சாப்மன் தம் கொள்கையை விடவில்லை. 1978-இல் காருக்கு அடியில் ஓடும் காற்றையே காரைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும்படி செய்து, மரியோ ஆண்ட்ரெட்டியை வெற்றிபெற வைத்தார். அவர் காலத்தில் லோட்டஸ் ஏழு முறை தயாரிப்பாளருக்கான உலகப் பட்டத்தை வென்றது. 1982 டிசம்பர் 16-இல் மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 54.

நண்பர்களே! வேண்டாததை நீக்கும் துணிவைச் சாப்மனிடம் நாம் கற்கலாம். எதை நீக்கக்கூடாது என்பதை ரிண்ட்டின் கடிதத்தில் கற்கலாம். இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும் என்பது என் கருத்து. படத்தில் குனிந்து நின்ற அந்தப் பெயர் தெரியாத மனிதரை நான் மறுபடியும் நினைத்துக்கொள்கிறேன். மேதை வரைந்த காரை ஓடவிடுமுன் ஒவ்வொரு திருகையும் கையால் தொட்டுப் பார்த்தவர் அவர்தாம்.