தனிநாயக அடிகளும் அரிய நூல்களும்

தமிழாராய்ச்சி மாநாடு என்றதும் தனிநாயக அடிகளாரின் பெயர் எவர்க்கும் நினைவுக்கு வரும். ஆயினும், கடல்கடந்த நூலகங்களிலே அவர் தேடிக் கண்ட பழைய அச்சு நூல்களையும், அவற்றை நம்மவர் கையிற் சேர்க்க அவர் எடுத்த முயற்சியையும் அறிந்தோர் சிலரே. கிறித்தவ குருவாகிய அவரை இந்துக் கல்லூரி மலரில் வைத்து எழுதுவது ஏன் என வினவுவார் உளரேல், அவர் தேடியது தமிழை என்பதே விடையாம்.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 2ஆந் திகதி ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பொன்னிற் பிறந்தார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலும் கொழும்பிலும் கற்று, உரோமாபுரி சென்று குருப்பட்டம் பெற்றார். மேனாட்டு மொழிகள் பல பயின்று திரும்பியவர், தென்பாண்டி நாட்டு வடக்கன்குளத்தில் ஆசிரியராயிருந்த காலத்திலேயே தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து கடந்துவிட்டது. இலக்கணம் படிக்கக் காலங் கடந்துவிட்டதெனச் சாக்குச் சொல்லும் மாணவர் இதனைக் கவனிப்பாராக. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பட்டங்கள் பெற்று, 1952இல் 'தமிழ் கல்சர்' என்னும் ஆங்கில ஆராய்ச்சியிதழைத் தொடங்கினார். பேராதனையிற் கல்வித்துறை விரிவுரையாளராகவும் பணியாற்றினார்.

ஐரோப்பிய நூலகங்களிலே உறங்கிக் கிடந்த தமிழ்ச் சுவடிகளையும் அச்சு நூல்களையும் அவர் நேரிற் சென்று ஆராய்ந்தார். 1554இல் லிஸ்பன் நகரில் உரோம எழுத்திலே தமிழ் அச்சேறியதும், 1578இல் கொல்லத்திலே தமிழெழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் வெளிவந்ததும் போன்ற செய்திகள் அறிஞரிடையே பரவுதற்கு அவர் அவ்விதழில் எழுதிய கட்டுரைகள் பெரிதும் துணைசெய்தன.

அவற்றினும் சிறந்தது அவர் வெளியிட்ட அகராதி. அந்தாம் தெ புரோயென்சா என்னும் போர்த்துக்கேயக் குரு தொகுத்த தமிழ் - போர்த்துக்கேய அகராதி, அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1679இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அச்சாயிற்று. வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியை ஒளிப்படம் பிடித்து, உள்ளதை உள்ளவாறே காட்டும் நிழற்படப் பதிப்பாக அடிகளார் 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். அப்பொழுது அவர் அங்கே இந்தியவியற்றுறைத் தலைவர். முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரிற் கூடியதும் அவ்வாண்டிலேயே.

புதிதாக அச்சுக்கோத்து வெளியிட்டால் என்னவென்று தோன்றலாம். அக்காலத்தார் மெய்க்குப் புள்ளியிடாது எழுதினர்; எகர ஏகாரங்களை வடிவால் வேறுபடுத்தினாரல்லர். மறுபடி அச்சுக்கோப்போரும் பிழைபார்ப்போரும் இவற்றையெல்லாம் குற்றமெனக் கருதித் திருத்திவிடுவர். தமிழாசிரியராகிய எம் கையிலோ சிவப்பு மை எப்பொழுதும் ஆயத்தமாயுள்ளது! அங்ஙனம் திருத்தியபின் 1679ஆம் ஆண்டின் எழுத்து எங்ஙனம் இருந்தது, அன்று மக்கள் வாயில் வழங்கிய சொல் எவ்வுருவில் ஏட்டில் ஏறியது என்பதை அறிய வழியேது? ஒளிப்படமோ தாளின் கறையைக்கூட மறைப்பதில்லை. தம் புலமையைக் காட்டுதற்கு வாய்ப்புக் குறைந்த இப்பணியை, புலமை மிக்க அடிகளார் விரும்பிச் செய்தமை எம்மால் வியக்கத்தக்கது.

1969இல் மலாயாவை விட்டு நீங்கிய அவர், 1974இல் யாழ்ப்பாணத்தில் நான்காவது மாநாடு கூடியதையும் கண்டார். 1980ஆம் ஆண்டு செப்தெம்பர் 1ஆந் திகதி இவ்வுலக வாழ்வை நீத்தார்.

ஒன்பது மாதங்கள் கழிந்தன. 1981 யூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அவற்றுள் வேறிடத்திற் படியோ ஒளிப்படமோ இல்லாதவை மீளவில்லை. அம்பலக்காட்டு அகராதியோ, அடிகளார் எடுப்பித்த படங்களின் வழியே, பல நாட்டு நூலகங்களிற் கிடைக்கின்றது.