சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

ஆனேக்கல் வட்டாரத்தில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு வேலூர் தெரியாத ஊர் அல்ல. அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். அப்புறம் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர். ரெயிலில் போகிறவர்கள் காட்பாடியில் இறங்குவார்கள்.

பொம்மசந்திராவிலோ ஜிகனியிலோ சாரத்தில் இருந்து ஒருவர் தவறி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது என்று தெரிந்தால், உறவினர்கள் கூடிப் பேசும்போது வேலூர்ப் பெயர் கட்டாயம் வரும். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மறுவாழ்வு மையம் பாகாயத்தில் இருக்கிறது. நடக்க முடியாதவர்கள் மறுபடி வாழப் பழகிக்கொள்ளும் இடம் அது.

அந்த மையத்தை உருவாக்கியவரும் நடக்க முடியாதவர்தான். அவர் டாக்டர் மேரி வர்கீஸ்.

கொச்சியில் இருந்து வேலூருக்கு

மேரி வர்கீஸ் 1925-ம் ஆண்டு கொச்சிக்குப் பக்கத்தில் உள்ள செறாய் என்ற ஊரில் பிறந்தார். வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்தார்.

டாக்டர் ஆக வேண்டும் என்ற ஆசையில் 1946-ல் வேலூருக்கு வந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி அப்போது பெரிய கல்லூரியாக வளர்ந்துகொண்டிருந்தது. 1952-ல் மேரி டாக்டர் பட்டம் பெற்றார். பிரசவம், பெண்கள் நோய் ஆகியவற்றில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவருடைய திட்டம். அந்தப் பிரிவிலேயே வேலைக்கும் சேர்ந்தார்.

அந்தத் திட்டம் இரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை.

மைல் கல்லில் மோதிய வண்டி

1954-ம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ந்தேதி. சக டாக்டர்கள் சிலரோடு மேரி உல்லாசப் பயணம் புறப்பட்டார். வழியில் ஒரு பஸ்சை முந்த முயன்றபோது அவர்கள் சென்ற வண்டி மைல் கல்லில் மோதி உருண்டது. பலர் காயம் அடைந்தனர். மேரிக்கு முகம் கிழிந்தது. அந்தத் தழும்பு கடைசிவரை மறையவில்லை.

முகக் காயத்தைவிடப் பெரிய காயம் முதுகில் இருந்தது. தண்டுவடம் நசுங்கிவிட்டது. இரண்டு கால்களும் செயல் இழந்தன.

முதுகெலும்பு என்பது சிறு சிறு எலும்புகளை அடுக்கி வைத்தது போன்றது. அதன் நடுவே ஓடும் தண்டுவடம்தான் மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டு போகிறது. கை முறிந்தால் எலும்பு கூடிவிடும். தண்டுவடம் அறுந்தால் அது மீண்டும் கூடுவது இல்லை. கால் அசையாது. கால் சுட்டாலும் தெரியாது. சிறுநீர் தானாக வெளியேறாது. ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் தோல் செத்துப் புண் விழும். வலி தெரியாததால் புண் ஆழமாகப் போன பிறகுதான் கவனிப்பார்கள். இப்படிப்பட்டவர்கள் உயிர் விட்டது பெரும்பாலும் முதுகுக் காயத்தால் அல்ல. புண்ணாலும், சிறுநீரகம் கெட்டதாலும்தான்.

டாக்டராக இருந்ததால் மேரிக்கு இவை எல்லாம் தெரியும். தெரிந்திருப்பது அந்த நேரத்தில் ஆறுதலாக இருந்திருக்காது.

ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஆள் விழுந்தால் நம்மவர்கள் பதறிப்போய் ஒருவர் அக்குளையும் இன்னொருவர் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்கிறார்கள். எலும்பு மட்டும் உடைந்து தண்டுவடம் தப்பியிருந்தால்கூட, அப்படித் தூக்குவதால் அது நசுங்கிவிடலாம். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி நாலைந்து பேர் சேர்ந்து உருட்டி, தட்டையான பலகையில் படுக்க வைத்துத்தான் கொண்டு போக வேண்டும். 108 வண்டி வரும்வரை காத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

உட்கார்ந்தபடி அறுவை சிகிச்சை

வேலூரில் அப்போது பால் பிராண்டு என்ற டாக்டர் இருந்தார். ஏற்காட்டுக்கு அப்பால் கொல்லிமலையில் சிறு வயதில் வளர்ந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கிப் போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டி உலகப் புகழ் பெற்றவர். மேரியின் முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்து, அவர் நிமிர்ந்து உட்காரும் நிலைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

பிரசவ அறையில் நின்று வேலை செய்ய மேரியால் இனி முடியாது. அடுத்தது என்ன என்ற கேள்வி எழுந்தது. கையில் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் நிற்க வேண்டியது இல்லை, உட்கார்ந்துதான் செய்கிறார் என்பதை பிராண்டு எடுத்துச் சொன்னார். மேரியின் இரண்டு கைகளும் நன்றாக இருந்தன. மூளையும் தெளிவாக இருந்தது. அது போதும் என்பது பிராண்டின் எண்ணம்.

மேரி முதலில் தயங்கினார். பிறகு சம்மதித்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்படுத்தத் தொடங்கினார்.

அந்தச் சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தொழுநோய் நரம்பைக் கெடுக்கும்போது விரல்களை நிமிர்த்தும் சிறு தசைகள் சோர்ந்துபோகும். கை, பறவையின் நகம்போல வளைந்துவிடும். ஆனால் முழங்கைக்குக் கீழே உள்ள பெரிய தசைகள் பலவும் கெடாமல் இருக்கும். அவற்றில் ஒன்றின் நாரை எடுத்து, தோலுக்கு அடியில் கொண்டுபோய், வளைந்த விரல்களில் தைத்துவிடுவார்கள்.

கத்தி வேலை அதோடு சரி. ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஒரு வேலைக்குப் பழகிய தசை இனி வேறு வேலை செய்ய வேண்டும். நோயாளி ஒரு விரலை நினைப்பார், வேறு விரல் அசையும். கட்டு அவிழ்த்த பிறகு, உடற்பயிற்சி சிகிச்சையாளர் பக்கத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் பழக்குவார். குழந்தைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது மாதிரிதான். இந்தப் பழக்கம் இல்லாமல் போனால் நல்ல அறுவை சிகிச்சையும் வீணாகிவிடும்.

கபடி ஆட்டத்தில் முழங்கால் நார் அறுந்த வீரருக்கும் இதுவே கதை. தைத்துவிட்டார்கள் என்று மறு மாதமே களத்தில் இறங்குகிறவர் திரும்பவும் விழுகிறார். முதலில் வீக்கம் வடிய வேண்டும், பிறகு கால் முழுவதும் மடங்கி நீள வேண்டும், பிறகு தொடைத் தசைக்குப் பழைய வலு வர வேண்டும். அதன் பிறகுதான் ஓட்டம், குதிப்பு, பிடி எல்லாம். பல மாதங்கள் பொறுக்க வேண்டும்.

பெர்த் நகரில் கண்டது

தன் நாற்காலியைத் தானே உருட்டி, தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் பயிற்சி மேரிக்கு வேலூரில் முழுமையாகக் கிடைக்கவில்லை. இந்தியாவில் எங்குமே அப்படி ஒரு பிரிவு அப்போது இல்லை. அதனால் ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் நகர ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே முதுகுக் காயம் பட்டவர்கள் படுக்கையில் கிடக்கவில்லை. நாற்காலியில் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், சமையல் செய்கிறார்கள், விளையாடுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் விளையாட்டு என்றால் நமக்கு வேடிக்கையாக இருக்கும். அதற்கு வழி காட்டியவர் லுட்விக் குட்மன். ஹிட்லரின் ஜெர்மனியில் இருந்து 1939-ல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த யூத டாக்டர். 1944-ல் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில், போரில் முதுகு உடைந்த சிப்பாய்களைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் அதிக நாள் இருக்க மாட்டார்கள் என்பதே பலருடைய தீர்ப்பு. குட்மன் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு மணிக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார், நடுநிசியிலும்கூட. புண் குறைந்தது. சாவும் குறைந்தது.

பிழைத்தவர்களைச் சும்மா விடவில்லை. வில்லும் அம்பும் கொடுத்தார். கால் போனவனுக்குத் தோளும் கையும்தான் கால். வில் வளைத்தால் தோள் உறுதிப்படும், முதுகு நிமிரும், நாற்காலியில் சாயாமல் உட்காரப் பழக்கம் வரும். 1948-ம் ஆண்டு ஜூலை 29-ந்தேதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரை வைத்து ஒரு வில் போட்டி நடத்தினார். 1960-ல் ரோம் நகரில் 23 நாடுகளில் இருந்து சுமார் 400 பேர் வந்து போட்டியிட்டார்கள். அதுவே இன்றைய பாராலிம்பிக்.

மேரி தங்கிச் சிகிச்சை பெற்ற பெர்த் நகரிலும் 1962-ல் காமன்வெல்த் நாடுகளுக்கு இதுபோன்ற போட்டி முதல் முறையாக நடந்தது. அப்போது மேரி அங்கே இல்லை.

நியூயார்க் படிப்பு

ஹோவர்டு ரஸ்க் என்ற டாக்டர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படையில் இருந்தவர். காயம் ஆறிய வீரர்கள் படுக்கையில் வெறுமனே படுத்திருப்பதால் உடம்பும் மனமும் கெடுவதைக் கண்டார். அவர்களுக்குப் பயிற்சியும் படிப்பும் கொடுத்து, போருக்குப் பிறகு நியூயார்க்கில் ஒரு பெரிய மறுவாழ்வு நிலையத்தையே உண்டாக்கினார்.

அங்கே படிக்க மேரிக்கு உதவித்தொகை கிடைத்தது. குளிரும் பனியும் நிறைந்த ஊரில், சக்கர நாற்காலியில், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே பரீட்சைக்கும் படித்தார். தேறினார். அங்கேயே இருந்திருந்தால் நல்ல சம்பளமும் சாய்வுப் பாதை வைத்த கட்டடங்களும் கிடைத்திருக்கும். வேலூரில் அப்போது படிக்கட்டுதான் அதிகம். அவர் வேலூருக்குத் திரும்பினார்.

இந்தியாவில் முதல் மையம்

1963-ல் வேலூர் ஆஸ்பத்திரியில் உடல் இயக்க மருத்துவம், மறுவாழ்வு என்ற தனிப் பிரிவுக்கு மேரி வர்கீஸ் தலைவர் ஆனார். 1966-ல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மையம் திறக்கப்பட்டது. இப்படி ஒரு மையம் இந்தியாவில் அதுவே முதல் என்று சொல்வார்கள். அதே 1963-ல் அமெரிக்க எழுத்தாளர் டாரதி கிளார்க் வில்சன் மேரியின் வாழ்க்கையை நூலாக எழுதி வெளியிட்டார்.

நியூயார்க்கில் படித்ததை அப்படியே இங்கே நடத்த முடியாது. அங்கே நோயாளி வீட்டுக்குப் போனால் லிப்ட் இருக்கும், வழவழப்பான தரை இருக்கும். இங்கே வருகிறவர் பனை ஏறி விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், மூட்டை சரிந்து முதுகு உடைந்தவர். வீட்டு வாசலில் படி இருக்கும், தெரு மண்ணாக இருக்கும், கழிப்பிடம் வெளியே இருக்கும். ஆகவே நம் ஊர் வீட்டில் எப்படி வாழ்வது என்பதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. மனைவியோ அண்ணனோ கூட இருந்து, புரட்டுவதையும், புண் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதையும், சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகப் போடுவதையும் பழகிக்கொள்ள வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கால் மணிக்கு ஒரு தரமாவது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். பிறகு கைத்தொழில்.

வந்தவர்களில் பலர் சாகத்தான் போகிறோம் என்று எண்ணி வந்தவர்கள். எதிரே வருகிற டாக்டரும் நாற்காலியில் வருகிறார். அவர்களிடம் வாயால் சொல்ல வேண்டியது பாதியாகக் குறைந்திருக்கும்.

1972-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் உள்ள ஹைடல்பர்க் நகரில் பாராலிம்பிக் நடந்தது. 1965 போரில் குண்டு பாய்ந்து முதுகு அடிபட்ட முரளிகாந்த் பேட்கர் என்ற மராட்டியச் சிப்பாய், நீச்சலில் தங்கம் வென்றார். குத்துச்சண்டை வீரராக இருந்தவர் அவர். சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறங்கியவர் தங்கத்தோடு கரை ஏறினார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு அதுவே முதல் தங்கம். ஒலிம்பிக்கில் தனி வீரர் ஒருவர் இந்தியாவுக்குத் தங்கம் கொண்டுவர 2008 ஆயிற்று.

நமக்கு நெருங்கிய பெயரும் ஒன்று உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. தாயார் காய்கறி விற்றுக் காப்பாற்றினார். பெங்களூரில் பயிற்சியாளர் சத்யநாராயணாவிடம் பழகி, 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிசில் வெண்கலம்.

கடைசி நாட்கள்

மேரி வர்கீஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1986-ல் ஊனமுற்றவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கத் தன் பெயரில் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். அந்த ஆண்டு டிசம்பர் 17-ந்தேதி வேலூரில் காலமானார். வயது 61. விபத்து நடந்து 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. முதுகு உடைந்தவர் ஓரிரு ஆண்டுகள்கூட இருக்க மாட்டார் என்று நம்பப்பட்ட காலத்தில் தொடங்கிய கணக்கு அது.

பாகாயம் மையத்துக்குப் பிற்பாடு அவர் பெயரே வைக்கப்பட்டது. வேலூர் நகரில் இருந்து பாகாயத்துக்கு டவுன் பஸ் இருக்கிறது.