முடவராகியும் வளையாதவர்

தேச சேவைக்குத் தேக பலமே பிரதானம் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பிசகென்பதற்குப் பிலிப்பைன் தேசபக்தர் அபொலினாரியோ மாபினியின் சரித்திரமே போதிய சாட்சியாகும்.

இவர் 1864-ம் வருஷம் ஜூலை மாதம் 23-ந் தேதி பதங்காஸ் மாகாணத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் ஜனித்தார். பிறருக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துத் தாமும் வாசித்து, 1894-ல் மணிலா ஸாந்தோ தோமாஸ் சர்வகலாசாலையில் சட்டப் பட்டம் பெற்றார். 1896-ல் வாத நோயால் இவருடைய கால்களிரண்டும் செயலற்றுப் போயின. அவ்வருஷமே ஸ்பெயினுக்கு விரோதமாகப் புரட்சி மூண்டது. அதிகாரிகள் இவரைக் கைது செய்து, நடக்கமாட்டாதவரென்று கண்டு பின்னர் விடுதலை செய்தனர்.

1898 ஜூன் மாதத்தில் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்த தலைவர் அகினால்டோ இவரை வரவழைத்தார். ஆட்கள் மாறி மாறித் தூளியில் சுமந்து இவரைக் கொண்டு சேர்த்தனர். ஊர்த் தலைவர்களை ஜனங்களின் பிரமுகர்களே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடும், புரட்சி சர்க்காரின் சட்டங்கள் பலவும் இவர் பேனாவிலிருந்து பிறந்தவையே. 1899 ஜனவரியில் இவரே பிரதம மந்திரியானார்.

இதற்கிடையில் ஸ்பெயின் அத்தீவுகளை 2 கோடி டாலருக்கு அமெரிக்காவுக்குக் கைமாற்றி விட்டது. அங்கு வாழும் ஜனங்களை ஒரு வார்த்தை கேட்பாரில்லை! பிப்ரவரியில் யுத்தம் மூண்டது. அமெரிக்க ஆதிக்கத்துக்குட்பட்ட சுயாட்சியே போதுமென்று செல்வந்தர் சிலர் கூறலாயினர். மாபினி இசையவில்லை, மே மாதத்தில் பதவியிழந்தார். டிஸம்பரில் அமெரிக்கரிடம் சிறைப்பட்டார். விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தமையால் 1901-ல் குவாம் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அவ்வருஷம் ஏப்ரலில், சிறைப்பட்ட அகினால்டோவே பிரமாணம் செய்து கொடுத்தார். மாபினியோ மேலும் இரண்டு வருஷகாலம் அசையவில்லை. அத்தனிமையில் புரட்சியின் வரலாற்றை எழுதி, அது தோற்றதற்கு அகினால்டோவின் குற்றங்களும் காரணமென்று தாட்சண்யமின்றி எடுத்துக்காட்டினார். நோயால் நலிந்து, சொந்த மண்ணிலே உயிர் விடும் பொருட்டே 1903-ல் பிரமாணம் செய்து திரும்பினார். சில மாதங்களுக்குள், மே மாதம் 13-ந் தேதி மணிலாவில் வாந்திபேதிக்கு இரையானார். அப்போது வயது 38.

இவருடைய முடத்துக்கு ஒழுக்கக்கேடே காரணமென்று விரோதிகள் பரப்பிய அவதூறு நெடுநாள் உலவிற்று. 1980-ல் எலும்புகளைத் தோண்டியெடுத்துச் சோதித்த வைத்தியர்கள், அது இளம்பிள்ளை வாதமே எனக் கண்டனர்.

கடைசியில் அவரும் பிரமாணம் செய்தாரன்றோ எனச் சிலர் கேட்கலாம். பதவிக்காகப் பணிவது வேறு. தாய்நாட்டில் மடிவதற்காகப் பணிவது வேறு. நடக்க இயலாத அம்மனிதர் இறுதி வரையில் பிறர் தோளில் ஏறிச் சென்றாரேயன்றிப் பிறர் கருத்தின்மேல் ஏறிச் சென்றாரல்லர்.