நிலக்கரிக்குக் கணக்குப் போட்ட இளைஞர்

ஒரு பொருளைச் சிக்கனமாக எரித்தால் அது குறைவாகத்தானே செலவாகும்? நாம் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். 1865இல், 29 வயது இளைஞர் ஒருவர் இது தப்புக் கணக்கு என்று புத்தகமே எழுதினார். அவர் பெயர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். பொருளியல் படிக்கிறவர்களுக்குப் பழக்கமான பெயர். பொறியியல் படிக்கிற என்னைப் போன்றவர்கள்தான் இவரை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நொடித்துப்போன குடும்பத்துப் பிள்ளை

ஜெவன்ஸ் 1835 செப்டம்பர் 1ஆம் தேதி இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். அப்பா இரும்பு வியாபாரி. ஜெவன்ஸுக்குப் பத்து வயது இருக்கும்போது அம்மா இறந்தார். 1848இல் குடும்பத் தொழில் நொடித்துப் போனது. லண்டனில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தவருக்கு, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் புதிதாகத் திறக்கவிருந்த நாணயச் சாலையில் தங்கத்தின் தரம் பார்க்கும் வேலை வந்தது. நல்ல சம்பளம். வீட்டு நிலைமையை நினைத்து, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1854இல் கப்பல் ஏறினார். வயது 18தான்.

சிட்னியில் ஐந்து வருஷம் இருந்தார். வேலை நேரம் போக வானிலையை அளந்து குறித்தார், புகைப்படம் எடுத்தார். எதையும் எண்ணாலே அளந்து பார்க்கும் பழக்கம் அங்கேதான் ஊறியது. பிறகு அந்தச் சம்பளத்தையும் உதறிவிட்டு லண்டனுக்குத் திரும்பி, விட்ட படிப்பைத் தொடர்ந்து முடித்தார்.

சிக்கனம் செய்த வேலை

அந்தக் காலத்து பிரிட்டனுக்கு உயிர்நாடி நிலக்கரி. ரயில், கப்பல், நெசவாலை, இரும்பு உலை எல்லாம் அதில்தான் ஓடின. கரி தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்ற பயம் இருந்தது. இயந்திரங்கள் சிக்கனமாகிக்கொண்டே வருகின்றன, அதனால் பயம் வேண்டாம் என்று சிலர் நம்பினார்கள். ஜெவன்ஸ் நம்பவில்லை. பழைய கணக்குகளைத் தோண்டி எடுத்தார்.

நியூகோமனின் பழைய நீராவி இயந்திரம் கரியை அள்ளி விழுங்கும். அதனால் கரி மலிவாகக் கிடைக்கும் சுரங்க வாசலில்தான் பெரும்பாலும் அதை வைத்து ஓட்ட முடிந்தது. ஜேம்ஸ் வாட் அதைவிட மிகக் குறைந்த கரியில் ஓடும் இயந்திரத்தைச் செய்தார். உடனே கரிச் செலவு குறைந்ததா? இல்லை. ஓட்டுவதற்கு மலிவானதால் அது ஆலைகளுக்குள் எல்லாம் புகுந்தது. ஸ்காட்லாந்தின் இரும்பு உலைகளிலும் இதே கதை. ஒரு டன் இரும்புக்குத் தேவையான கரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆனால் 1830க்கும் 1863க்கும் இடையில் அங்கே மொத்தமாக எரிந்த கரி பத்து மடங்கானது. இரும்பு மலிவானது, மலிவானதால் எல்லாரும் கேட்டார்கள், அந்த இரும்பில் செய்த இயந்திரங்கள் இன்னும் கரி கேட்டன. இதைத்தான் இன்று ஜெவன்ஸ் முரண்பாடு என்கிறோம்.

புத்தகம் வந்ததும் நாடே பேசியது. ஜான் ஸ்டூவர்ட் மில் அதை நாடாளுமன்றத்தில் எடுத்துப் பேசினார். நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் அக்கறையோடு படித்தார். 1866இல் நிலக்கரியை ஆராய அரச ஆணையமே அமைந்தது. அதே வருஷம் ஜெவன்ஸ் மான்செஸ்டரில் பேராசிரியர் ஆனார். கரிக்குத் தடை போடச் சொல்லவில்லை அவர். வளம் இருக்கும்போதே நாட்டின் கடனை அடையுங்கள் என்பதுதான் அவருடைய யோசனை.

நம் தெருவில் இதே கணக்கு

இது பழைய வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன என்று தோணலாம். மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். முன்பு 60 வாட் குண்டு பல்பு பத்து போட்டிருந்தால் 600 வாட். அதே வெளிச்சம் தரும் எல்இடி சுமார் 9 வாட்தான். பத்து போட்டால் 90 வாட். நல்ல மிச்சம்! ஆனால் தீபாவளி வருகிறது, எதிர்க்கடை ஜொலிக்கிறது, கரண்டு கொஞ்சம்தானே என்று 70 விளக்கு மாட்டினால் 630 வாட். பழைய கணக்கையே தாண்டியாச்சு. வீட்டில் இன்வெர்ட்டர் ஏர்கோனும் இப்படித்தான். ராத்திரி மட்டும் ஓடியது, பில் குறைவு என்ற தைரியத்தில் மத்தியானமும் ஓடும், அடுத்த அறைக்கும் இன்னொன்று வரும்.

அந்தக் கரண்டு எங்கிருந்து வருகிறது? ரவாங் பக்கத்தில் நம்மவர்களும் உழைத்த பத்து ஆராங் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. ஆனால் நிலக்கரி நம்மை விட்டுப் போகவில்லை. கப்பலில் வந்து கிள்ளான் பக்கத்துக் காப்பார் மின்நிலையத்தில் எரிகிறது.

தப்பிய கணக்குகள்

ஜெவன்ஸ் சொன்னதெல்லாம் பலிக்கவில்லை. கரிச் செலவு வருஷம் 3.5 சதவீதம் வளர்ந்தால் 1961இல் பிரிட்டனுக்கு 2,600 மில்லியன் டன் தேவைப்படும் என்று கணக்கிட்டார். உற்பத்தி 1913இல் 287 மில்லியன் டன்னோடு உச்சம் தொட்டு இறங்கியது. பெட்ரோலியம் இப்படி வரும் என்று அவர் எண்ணவில்லை. சூரியப் புள்ளிகளால் இந்தியாவில் விளைச்சல் குறைகிறது, அதனால் இங்கிலாந்தில் வியாபாரம் சரிகிறது என்றும் ஒரு கொள்கை சொன்னார். அதுவும் நிற்கவில்லை. காகிதமும் ஒருநாள் தட்டுப்படும் என்று பயந்து வாங்கிக் குவித்தாராம். 50 வருஷம் கழித்தும் அவர் பிள்ளைகளால் அதைத் தீர்க்க முடியவில்லை என்று பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் பதிவு செய்திருக்கிறார். 1882 ஆகஸ்ட் 13ஆம் தேதி, ஹேஸ்டிங்ஸ் அருகே கடலில் குளிக்கும்போது மூழ்கி இறந்தார். வயது 46.

அவருடைய முரண்பாடும் எல்லா இடத்திலும் முழுசாக நடப்பதில்லை. வீட்டில் மிச்சமாவதில் ஒரு பகுதிதான் பெரும்பாலும் திரும்பச் செலவாகிறது. அதனால் சிக்கனக் கருவி வீண் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். வாங்குங்கள். ஆனால் கருவி தானாக எதையும் மிச்சம் பிடிக்காது. எத்தனை விளக்கு போதும், ஏர்கோன் எத்தனை மணி நேரம் போதும் என்ற அளவை நாம்தான் முதலில் வைக்க வேண்டும்.

இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். கரண்டு பில்லில் தொகையைப் பார்க்காமல், எத்தனை கிலோவாட் மணி என்று பாருங்கள். போன வருஷத்துப் பில்லோடு ஒப்பிடுங்கள். அந்த எண் குறைந்திருந்தால்தான் உண்மையிலேயே மிச்சம் பிடித்திருக்கிறோம்.