கோதம் நகருக்குப் பெயர் தந்தவர்

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2014 செப்டம்பரில் தொடங்கி ஐந்து பருவங்கள் ஓடியது 'கோதம்' என்னும் தொடர். பேட்மேன் ஆவதற்கு முந்தைய சிறுவன் புரூஸ் வேய்ன், இளம் காவல் அதிகாரி ஜிம் கார்டன், பின்னாளில் பெங்குவின், ரிட்லர், கேட்வுமன் என்று அறியப்படுவோர் ஆகியோரின் கதை அது. இவர்களையெல்லாம் சித்திரக்கதைப் பக்கங்களில் உருவாக்கியதில் பெரும்பங்கு பில் ஃபிங்கருக்கு உண்டு. தொடரின் தலைப்பான நகரின் பெயரும், தொலைபேசிக் கையேட்டில் ஒரு நகைக்கடையின் பெயரைப் பார்த்து அவர் தேர்ந்தெடுத்ததே. ஆயினும், முதல் பருவத்தில் பேட்மேனைப் படைத்தவராகத் திரையில் அவர் பெயர் இடம்பெறவில்லை.

1914-இல் டென்வரில் பிறந்து, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்தவர் ஃபிங்கர். எழுத்தாளராகும் ஆசையோடு காலணி விற்றுப் பிழைத்தவரை, ஓவியர் பாப் கேன் தம் சித்திரக்கதைகளுக்கு எழுத அமர்த்திக்கொண்டார். 1938-இல் சூப்பர்மேன் பெற்ற வெற்றியைக் கண்ட பதிப்பகம், இன்னொரு நாயகனைத் தேடியது. கேன் வரைந்த உருவத்துக்குச் சிவப்பு உடை, கண்களை மட்டும் மறைக்கும் முகமூடி, விறைத்த இறக்கைகள். கூர்ங்காதுகளுடன் கூடிய தலைமூடி, இறக்கைக்குப் பதிலாகத் தொங்கும் மேலங்கி, கையுறை, இருண்ட நிறம் ஆகியவை ஃபிங்கர் சொன்ன மாற்றங்கள். 1939 மே மாத இதழில் வெளியான ஆறு பக்க முதல் கதையை எழுதியவரும் அவரே. கார்டன் அதிலேயே வந்துவிடுகிறார்.

பதிப்பகத்துடன் ஒப்பந்தம் செய்தவர் கேன் மட்டுமே. படைத்தவர் என்ற தகுதியும் அவருக்கே போயிற்று. ஃபிங்கருக்கு எழுதிய கதைகளுக்கான கூலி. சொத்துரிமை உழைப்பிலிருந்து தானாகப் பிறப்பதில்லை என்பதைப் பொருளாதாரம் கற்பித்த எனக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. இலாபத்தில் பங்கு இல்லை என்பதைக்கூட ஒரு வாதமாக ஏற்கலாம். ஆனால், எழுத்தாளனுக்குப் பெயர்தான் முதல். அடுத்த கூலியைப் பேசும்போது அவன் கையில் இருப்பது அது ஒன்றுதான். அது இல்லாதவன் கால் நூற்றாண்டு எழுதிய பின்னும் புதியவனாகவே பேரம் பேச வேண்டும்.

ஃபிங்கர் கெடு தவறாமல் எழுதிக்கொடுத்தவர் அல்லர். உரிமைக்காகப் போராடும் இயல்பும் அவருக்கு இல்லை. 1965-இல் இரசிகர்கள் அவருடைய பங்கை எழுத்தில் வெளிக்கொணர்ந்தபோது, கேன் அதைப் பகிரங்கக் கடிதத்தில் மறுத்தார். மறு ஆண்டு, அன்றைய பேட்மேன் தொலைக்காட்சித் தொடரின் இரு பகுதிக் கதை ஒன்றை ஃபிங்கர் நண்பருடன் சேர்ந்து எழுதினார். கடிகாரங்களை வைத்துக் குற்றம் புரியும் ஒருவனின் கதை அது. அந்த எழுத்துக்கு மட்டும் திரையில் பெயர் கிடைத்தது.

1974 ஜனவரியில், தமது 59-ஆம் வயதில், நியூயார்க்கில் அவர் காலமானார். அவருக்கும் பெயர் கிடைத்திருக்க வேண்டும் என்று 1989-இல் வெளியான தன்வரலாற்றில் கேன் ஒப்புக்கொண்டார்.

மார்க் டைலர் நோபல்மன் என்ற எழுத்தாளர் ஃபிங்கரின் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் தேடித் திரட்டி, 2012-இல் நூலாக்கினார். ஃபிங்கரின் பேத்தியைக் கண்டறிந்தவரும் அவரே. 2015 செப்டம்பரில் குடும்பத்துக்கும் டிசி நிறுவனத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டது. 'கோதம்' தொடரின் இரண்டாம் பருவத்தில் ஃபிங்கரின் பெயர் திரையில் வந்தது. கேனும் ஃபிங்கரும் படைத்தது என்றல்ல. ஃபிங்கருடன் இணைந்து கேன் படைத்தது என்று. 2017 டிசம்பரில், இருவரும் அமர்ந்து கதை பேசிய பிராங்ஸ் பூங்காவை ஒட்டிய தெருமுனைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.