துடுப்பு குலம் கேட்பதில்லை

நெய்க்காரப்பட்டித் தோழர்கள் கரும்பு வெட்டுவார்கள், ஏர் பிடிப்பார்கள். படகுப் பந்தயம் அவர்கள் பார்த்தறியாதது. ஆயினும், கனடா நாட்டுப் படகோட்டி ஒருவரின் வரலாற்றை அவர்கள் முன் வைக்கிறோம். காரணம் இருக்கிறது, தோழர்களே!

நெட் ஹான்லன் அவர் பெயர். 1855இல் டொராண்டோ நகரில், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். தந்தை மீனவர். வீடு தீவிலே, பள்ளி கரையிலே. பாடம் படிக்கப் போவதற்கே துடுப்புப் போட வேண்டும்!

அந்நாளில் இங்கிலாந்தில் என்ன நடந்தது? ஹென்லி என்ற ஊரில் சீமான்கள் பந்தயம் நடத்தினர். கூலிக்கு உடலுழைப்புச் செய்தவன் இங்கே துடுப்பெடுக்கத் தகுதியற்றவன் என்று 1879இல் விதி எழுதினர். மனு பிறவாத மண்ணிலும் மனுநீதி! உழைத்துக் காய்த்த கை அவர்களுக்குத் தீட்டாயிற்று.

அதே 1879இல், அதே இங்கிலாந்தில், டைன் ஆற்றில் நடந்த தொழில்முறைப் பந்தயத்தில் வில்லியம் எலியட்டை வீழ்த்தினார் ஹான்லன். 1880 நவம்பர் 15 அன்று, தேம்ஸ் ஆற்றில் ஆஸ்திரேலியாவின் டிரிக்கெட்டை வென்று உலக வீரரானார். டிரிக்கெட் ஆறடிக்கும் மேல் உயர்ந்த ஆள். ஹான்லனோ ஆறடியை எட்டாதவர். வென்றது எப்படி? உட்காரும் பலகை முன்னும் பின்னும் நகரும்; அதனால் காலின் வலிமையும் துடுப்பில் சேரும். அந்த நுட்பத்தைத் தம் காலத்தில் எவரினும் நன்றாகக் கையாண்டார் அவர். உடல் பெரிதல்ல, உத்தி பெரிது!

1884இல் சிட்னி அருகே பட்டம் பறிபோயிற்று. பறித்தவர் யார்? வில்லியம் பீச் என்ற கொல்லர். அவரும் உழைப்பாளியே!

ஹான்லன் ஓய்ந்தாரா? இல்லை. 1897இல் டொராண்டோ பல்கலைக்கழகப் படகு மன்றத்தின் முதல் தலைமைப் பயிற்சியாளரானார். 1898இலும் 1899இலும் நகரமன்ற உறுப்பினராக இருந்தார். 1900இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் அவரைப் பயிற்சி தர அழைத்துக்கொண்டது. மீனவர் மகன் ஆசானாக நின்றார். பட்டப்படிப்பு மாணவர்கள் அவரிடம் பாடம் கேட்டனர்.

1908 ஜனவரி 4 அன்று, 52ஆம் வயதில், நுரையீரல் காய்ச்சலால் மறைந்தார். 1926இல் டொராண்டோ நகரம் அவருக்குச் சிலை எடுத்தது. ஹென்லி விதி 1937இல் ஒழிந்தது. சிலை இன்றும் நிற்கிறது. விதி செத்து மண்ணாயிற்று!

துடுப்பு குலம் கேட்பதில்லை, தண்ணீர் கோத்திரம் பார்ப்பதில்லை. திறமை எவனுக்கும் பிறப்புரிமை அல்ல, பயின்றவனுக்கு உரியது. பயின்றதைத் தம்மோடு புதைத்துக்கொள்ளாமல் பிறருக்குத் தந்தார் ஹான்லன். பட்டறையில் கற்றதைப் பக்கத்தில் நிற்கும் இளைஞனுக்கும், படிப்பகத்தில் கற்றதைத் தெருவிலுள்ள தங்கைக்கும் நாம் கற்றுக் கொடுப்போம். தகுதி பேசித் தடுப்போருக்கு அதுவே நமது பதில்.