பாறையில் விழுந்த கோடு

இன்று வெயில் இத்தனை டிகிரி செல்சியஸ் என்று ஏட்டிலே படிக்கிறோம். செல்சியஸ் என்பது வெறும் அளவின் பெயரா? ஆளின் பெயர், தோழர்களே! ஆண்டர்ஸ் செல்சியஸ். சுவீடன் நாட்டவர். 42 ஆண்டுகளே வாழ்ந்து, 1744இல் காசநோய்க்கு இரையானவர். அவருக்குப் புகழ் தேடித் தந்தது வெப்பமானி. மதகுருமாரின் பகை தேடித் தந்ததோ, கடலோரப் பாறையிலே அவர் வெட்டுவித்த ஒரு கோடு!

1701இல் உப்சாலா நகரிலே பிறந்தார். பாட்டனார் இருவரும் வானியல் வல்லார். தந்தை நில்ஸ் வானியல் ஆசிரியர். விண்மீன் ஆராய்ச்சிக்கு விவிலியம் அளவுகோலாகாது என்று 1679இலேயே ஆய்வுரை எழுதி, இறையியலாரின் சினத்தைச் சம்பாதித்தவர் அந்தத் தந்தை. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? மகன் 1730இல் பேராசிரியரானார். 1736இல் பிரெஞ்சு அறிஞர்களோடு வடகோடிப் பனிநிலம் சென்று, பூமி துருவத்திலே சற்றுத் தட்டை என்று அளந்து காட்டும் பணியிலே பங்கு கொண்டார். 1742இல் வெப்பமானிக்கு நூறு படி வகுத்தார். வேடிக்கை பாருங்கள், அவர் வகுத்ததிலே கொதிநீருக்குச் சுழி, உறைநீருக்கு நூறு! பின்னே வந்தவர்கள்தான் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள்.

அது கிடக்கட்டும். பொத்னியா வளைகுடாக் கரைக்கு வருவோம். அங்கே மீனவனும் உழவனும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது ஒன்று: கடல் பின்வாங்குகிறது. பாட்டன் படகு விட்ட இடத்திலே பேரன் மாடு மேய்க்கிறான். லூலியோ என்ற துறைமுக நகரை 1621இல் கட்டினார்கள். துறை ஆழங்குறைந்து கப்பல் வர இயலாமற்போகவே, 1649இல் நகரையே வேறிடம் மாற்றினார்கள். ஊர் அறிந்த உண்மை. ஆனால் ஆண்டுக்கு எவ்வளவு? அதை எவர் அளந்தார்?

செல்சியஸ் அளந்தார். எதைக் கொண்டு? கடல்நாயைக் கொண்டு!

கடல்நாய் நீரிலிருந்து எழுந்து, நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும் தாழ்ந்த பாறையிலே படுத்து இளைப்பாறும். வேடர் அங்கேதான் அதை அடிப்பர். எண்ணெயும் தோலும் கிடைக்கும். ஆகவே அத்தகைய பாறைக்கு விலையுண்டு, வரியுண்டு, வாரிசுண்டு, பத்திரமுண்டு. பாறை நீருக்கு மேலே உயர்ந்துவிட்டாலோ, கடல்நாய் ஏற முடியாது. பாறை பயனற்றுப் போகும். யேவ்லெ நகருக்கு அருகே இக்கேன் தீவையொட்டி அப்படி ஒரு பாறை. 1563இல் அது பயன்பட்டதற்கு ஏட்டுச் சான்று இருந்தது. 1731இலோ அது நீருக்கு மேலே எட்டடி நின்றது. 168 ஆண்டில் எட்டடி! பத்திரமும் பாறையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொல்லின. சற்றுக் குறைத்தே கணக்கிட்டு, நூறாண்டுக்கு நாலரை அடி என்று முடிவு கட்டினார். ஏழை வேடனின் சொத்துக் கணக்கு, பூமியின் வயதுக் கணக்காயிற்று!

இதோடு நின்றாரா? அதே 1731இல், லெவ்குருண்ட் தீவிலே ஒரு பாறையில், அன்றைய நீர்மட்டத்திலே கோடு வெட்டி ஆண்டையும் பொறிக்கச் செய்தார். என் சொல்லை நம்ப வேண்டாம், வருங்காலத்தார் வந்து அளந்து பார்க்கட்டும் என்பதே அதன் பொருள். 1743இல் தம் கணக்கை அறிவியற் கழக ஏட்டிலே வெளியிட்டார். மறு ஆண்டு மறைந்தார்.

புயல் அதன் பிறகே கிளம்பிற்று. கணக்கை நீங்களே போடுங்கள்: நூறாண்டுக்கு நாலரை அடியென்றால், 2000 ஆண்டுக்கு 90 அடி. ஏசு பிறந்த காலத்திலே சுவீடனின் தாழ்நிலமெல்லாம் கடலடியில்! வரலாற்றாசிரியர் டாலின் 1747இல் இதை நாட்டு வரலாற்றிலே எழுதிவிட்டார். ஊழிவெள்ளம் வடிந்ததும் நோவாவின் பேரன் மாகோகின் வழியினர் வந்து குடியேறிய மண் என்றல்லவா அங்கே பெருமை பேசி வந்தார்கள்! (சூரிய குலம், சந்திர குலம் என்று நம்மவர் பேசவில்லையா, அதைப்போலத்தான்.) நாடாளுமன்றத்துக் குருமார் அவையிலே கண்டனம் எழுந்தது. 1755இல் ஆயர் புரோவாலியஸ் மறுப்பு நூலே எழுதினார்.

ஆயரை அப்படியே தள்ளிவிட முடியாது. வேதத்தோடு அவர் வேறொன்றும் காட்டினார்: கடலை ஒட்டி நிற்கும் முதுமரங்கள். நீர் அத்தனை வேகமாய் இறங்கியிருந்தால், இம்மரங்கள் முளைத்தது நீருக்கடியிலா என்று மடக்கினார். நல்ல கேள்வி! செல்சியஸின் அளவு மிகைதான். உண்மை வேகம் அதிலே ஏறத்தாழப் பாதி. காரணமும் அவர் நினைத்ததல்ல. நீர் குறைகிறது என்றார் அவர். நீர் குறைந்தால் எல்லாக் கரையிலும் ஒன்றுபோலக் குறைய வேண்டுமே, பால்டிக் கடலின் தென்கரையிலே குறையக் காணோமே! உயர்வது நிலம் என்று 1765இல் ரூனபெர்க் சொன்னார். பழம் பனிப்பாறையின் பாரத்தால் அமுங்கிய தரை, பனி உருகியதும் நிமிர்கிறது என்று 1865இல் ஸ்காட்லாந்தின் ஜேமிசன் விளக்கினார். சுவீடனின் ஸ்கூலெ மலையிலே, இன்றைய கடலுக்கு 286 மீட்டர் மேலே பழைய கரையின் தடம் இருக்கிறது.

நிலம் தொடக்கத்திலே விரைந்து எழுந்து, பிறகு தளர்ந்தது. ஆகவே ஒரே வேகத்தைக் கொண்டு பழங்கரையின் வயதைச் சொல்ல இயலாது. வண்டலையே கேட்க வேண்டும். உருகும் பனி ஆண்டுக்கொன்றாய் விட்டுச் சென்ற களிமண் அடுக்குகளை, மரத்தின் வளையம் எண்ணுவதுபோல எண்ணி, 1910இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டிலே காட்டினார் டி யேர். சிப்பியிலும் மக்கிய செடியிலும் எஞ்சிய கதிரியக்கக் கரியை அளந்து வயது காணும் முறையை 1949இல் அமெரிக்காவின் லிபி தந்தார்.

கோடு என்னவாயிற்று? 1834இல் பிரிட்டனின் புவியியல் அறிஞர் சார்லஸ் லயல், நிலம் எழும் கதையை ஐயுற்றவராய்ச் சுவீடன் போனார். லெவ்குருண்டுக்குப் படகில் சென்றார். 103 ஆண்டுக்கு முன் நீர்மட்டத்திலே வெட்டிய கோடு, நீருக்கு மேலே உயர்ந்து நின்றது. ஐயம் நீங்கியவராய்த் திரும்பினார். இன்று அந்தக் கோடு, ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்திலே நிற்கிறது.